எந்தத் தோட்டா நல்லது?

1

புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். அந்தோனி அண்ணையின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, சாப்பாட்டு மேசைமேல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்த ஐந்து தோட்டாக்கள். அவற்றுக்கு இந்தப் பக்கம் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி, அந்தப் பக்கம் ஒரு தட்டுப் பப்படம். ஐந்தும் வேட்டைத் துவக்குக்கு உரியவை. பிளாஸ்டிக் உடல், பித்தளை அடி. பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு, சிவப்பு.

“வாங்கோ நிருபர். சாப்பிட முன்னம் ஒரு அலுவல். இதில ஒண்டைத் தெரிவு செய்து தாங்கோ,” என்றார்.

“என்னத்துக்கு?”

“வீட்டுக்குத்தான். கள்ளன் வந்தால் எதைப் போடுறது நல்லம் எண்டு.”

சமையலறையிலிருந்து அவர் மனைவி றெஜினா அக்கா எட்டிப் பார்த்தார். “ரெண்டு கிழமையாய் மனிசன் உதுகளோடதான் சாப்பிடுது. எனக்குக் கறி வைக்க மேசையில இடமில்லை.”

இது நடந்தது சென்ற வருடம், 2007 ஒக்டோபரில். இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் எல்லோரும் என்னிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “நீங்கள் அங்கே வெடிச் சத்தம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறீர்கள்.” வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஒருவர், இந்த நாட்டில் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, ஒரு துவக்கை வீட்டுக்குள் கொண்டுவந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு வருடம் ஆகியும் என் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் முயற்சி செய்யவுமில்லை.

அந்தோனி அண்ணை மன்னார்க்காரர். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தவர். இப்போது ஜெர்மன் பிரசை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் சிறு நகரமொன்றில், ஓர் இறைச்சிக் கடையில் வேலை. அங்கேயே பழைய வீடொன்றை வாங்கித் திருத்திக் குடியிருக்கிறார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தியாளனாக இருந்தவன். இங்கே ஓர் அச்சகத்தில், மற்றவர்கள் எழுதிய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டி லொறியில் ஏற்றுகிறேன். ஆனாலும் அவருக்கு நான் நிருபர்தான். அந்தப் பெயரில் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கேலியும் இருந்தன.

2

துவக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2004இல் அவருடைய ஒரே மகள் டிலானிக்குச் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா, செய்தார்கள். மண்டபம் எடுத்து, ஸ்டுட்கார்ட்டிலிருந்தும் பிராங்பேர்ட்டிலிருந்தும் சனத்தைக் கூப்பிட்டு. அந்தப் பிள்ளைக்கு அதில் துளியும் விருப்பமில்லை. வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அழுதாள். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் போலப் பல்லக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

அதை வீடியோ எடுத்தார்கள். நம்மவர்களின் வீடியோக்கள் எப்படி இருக்கும் என்று ஊரில் இருப்பவர்களும் அறிவார்கள். வாசலிலிருந்து தொடங்கும். வரவேற்பறை, படிக்கட்டு, தாயின் படுக்கையறை. தாய் அலுமாரியைத் திறப்பார். மேல் தட்டிலிருந்து நகைப் பெட்டியை எடுப்பார். பெட்டி திறக்கும், கமரா குனிந்து உள்ளே பார்க்கும், நாதஸ்வரம் உயரும். பதக்கம், ஒட்டியாணம், காப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் சுற்றிச் சுற்றி வரும். இந்த டிவிடியைப் பிரதியெடுத்து, வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது.

கோடையில் பிராங்பேர்ட்டில் ஒரு கல்யாணம். அந்த அழைப்பிதழும் எல்லார் வீட்டிலும் இருந்தது. அந்த நாளில் எந்தெந்தத் தமிழ் வீடுகள் பூட்டிக் கிடக்கும் என்பது அதைப் பார்த்தாலே தெரியும். அந்தோனி அண்ணை குடும்பம் திரும்பி வந்தபோது தோட்டப்பக்கக் கதவு நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சி இருந்தது. கணினி இருந்தது. மேசை லாச்சி ஒன்றுகூட இழுபடவில்லை. அலுமாரியின் மேல் தட்டு மட்டும் வெறுமையாக இருந்தது.

பொலிஸ்காரர் வந்து கைரேகைத் தூள் தூவினார். “வந்தவர்களுக்கு வீடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. யாருக்காவது வீட்டைச் சுற்றிக் காட்டினீர்களா?” என்று கேட்டார். அந்தோனி அண்ணை இல்லையென்று தலையாட்டினார். டிவிடி தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே, பார்க்கக்கூடிய இடத்தில், இருந்தது. சில மாதங்களில், திருடர் யாரென்று தெரியவில்லை, விசாரணை முடிகிறது என்று அறிவித்தார்கள். நம்முடைய மண்டபங்களில் நகை வீடியோ எடுப்பது அதன் பிறகும் நிற்கவில்லை. பாதுகாப்புப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேசியவர்கள் அடுத்த மாதம் தங்கள் பிள்ளையின் பெட்டியைக் கமராவுக்குத் திறந்து காட்டினார்கள்.

அந்தோனி அண்ணை துவக்கு வாங்க முடிவு செய்தார்.

இந்த நாட்டில் ஆயுதம் வைத்திருக்க ஒரு “பெடுர்ஃப்னிஸ்” வேண்டும். தேவை என்று அர்த்தம். உரிமம் கொடுக்கும் அரசாங்கக் கந்தோரில், மேசைக்குப் பின்னாலிருந்த அம்மையாரிடம் அவர் கள்ளன் வந்ததைச் சொன்னார். என் வீட்டில் கள்ளன் வருவது என் தேவை இல்லையா என்று கேட்டார். அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார்: வேட்டைக்காரருக்குத் தேவை உண்டு, போட்டிக்குச் சுடுகிறவருக்குத் தேவை உண்டு, திருட்டுப் போன வீட்டுக்காரருக்குத் தேவை பூட்டு. சட்டம் அப்படித்தான். வெளியே வந்து அவர் என்னிடம் கத்தினார். நானும் அவருடன் சேர்ந்து கத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முயலைக் கொல்லப் போகிறவனுக்குத் துவக்கு உண்டு, வீட்டைக் காப்பாற்ற நினைப்பவனுக்கு இல்லை என்பது அன்றைக்கு எனக்கும் வேடிக்கையாகத்தான் பட்டது. அந்த அம்மையார் சொன்னது எவ்வளவு சரியென்று பின்னால்தான் தெரிந்தது.

அவர் வேலை செய்யும் கடையின் முதலாளி கெஸ்லர் வேட்டைக்காரர். மானும் பன்றியும் கடையின் பின்புறம்தான் உரிக்கப்படும். உரிப்பவர் அந்தோனி அண்ணை. “நீ ஏன் வேட்டை உரிமம் எடுக்கக் கூடாது?” என்று கெஸ்லர்தான் கேட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க வகுப்பு. பறவைகளின் பெயர், மரங்களின் பெயர், நாய்க்கு வரும் வியாதி. எழுத்துப் பரீட்சையில் தேறி, வாய்மொழிப் பரீட்சையில் தவறிவிட்டார். காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா என்று கேட்டிருக்கிறார்கள். மன்னாரில் வயலுக்குக் காவலிருந்த மனிதர். யோசிக்காமல் “எஸ்.ஜி.” என்றிருக்கிறார். பெருஞ்சன்னம், அதாவது பெரிய ஈய உருண்டைகள், நிறைத்த தோட்டா. எங்கள் பக்கத்தில் பன்றிக்கு அதுதான். ஜெர்மனியில் பன்றியைச் சன்னத்தால் சுடுவது குற்றம். ஒற்றைக் குண்டால் மட்டுமே சுடலாம். சன்னம் மிருகத்தைக் காயப்படுத்தி வேதனையோடு ஓடவிடும் என்பது காரணம்.

அடுத்த தடவை சரியாகச் சொன்னார். உரிமம் கிடைத்தது. கெஸ்லரிடமே ஒரு பழைய இரட்டைக்குழல் துவக்கை வாங்கினார். துவக்கை வைக்க இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும். தோட்டா அதனோடு சேர்ந்து இருக்கக் கூடாது. இதையும் பரீட்சையில் சரியாகச் சொல்லித்தான் தேறினார்.

3

“இது தட்டுச் சுடுறது,” என்று பச்சைத் தோட்டாவைத் தொட்டுக் காட்டினார். “மண் தட்டை எறிவினம், பறக்கேக்க சுடுறது. தூள் மாதிரிச் சன்னம். நீலம் முயலுக்கு. மஞ்சள் வாத்துக்கு. கறுப்பு நரிக்கு. சிவப்பு எங்கட எஸ்.ஜி. மாதிரி. கெஸ்லரின்ர தகப்பன்ர காலத்துப் பெட்டி ஒண்டு கிடந்தது.”

“கெஸ்லரிட்டைக் கேட்டனீங்களோ?”

“கேட்டன். அந்தாள் சிரிக்குது. வீட்டுக்குள்ள சுடுறதெண்டால் முயல் வெடி போடு, சுவரைத் துளைக்காது எண்டு பகிடி விடுது. நான் பகிடிக்கோ கேக்கிறன்? கெல்லரில ஆரோ நடமாடுறான் நிருபர். மூண்டு தரம் கேட்டிட்டன்.”

கெல்லர் என்பது வீட்டுக்கு அடியில் நிலத்துக்குள் இருக்கும் அறை. உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான். அதற்குத் தோட்டத்தின் மட்டத்தில் சிறிய ஜன்னல் ஒன்று உண்டு.

“பொலிசுக்குச் சொன்னனீங்களோ?”

“சொன்னன். எலியாய் இருக்கும் எண்டவை. எலி செருப்புப் போட்டு நடக்குமோ?”

“வெறுங்கையோட போறது கள்ளன்தான் எண்டு என்னெண்டு தெரியும் உங்களுக்கு?” என்றார் றெஜினா அக்கா. “ஒண்டும் காணாமல் போகேல்லை. அரிசி அப்பிடியே கிடக்கு.”

“உமக்கு ஒண்டும் விளங்காது. முதல் வந்து பாப்பான். பிறகுதான் எடுப்பான்.”

நான் எழுந்து முன்வாசலுக்குப் போகும் நடைக்குப் போய்ச் சுவரை விரலால் தட்டினேன். பொள்ளென்று சத்தம் கேட்டது. வீட்டைத் திருத்தியபோது நடைக்கும் டிலானியின் அறைக்கும் நடுவில் சாந்துப் பலகையில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சாந்தை நடுவில் வைத்து அட்டை ஒட்டிய மெல்லிய பலகை. அதற்கு அப்பால் அவள் கட்டில்.

“மன்னாரில உங்கட வீட்டுச் சுவர் என்ன தடிப்பு?”

“கல்லுச் சுவர். ஒண்டரை அடி இருக்கும்.”

“இது?”

அவர் சிவப்புத் தோட்டாவை எடுத்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். “அப்ப எஸ்.ஜி. சரிவராது,” என்றார், ஒரு கணக்கில் விடை கண்டவர்போல. “கறுப்பும் வேண்டாம். இனி மற்ற மூண்டுதான்.”

நான் ஊரில் ஆஸ்பத்திரிச் செய்தி சேகரித்த காலத்தில் ஒருவரைப் பார்த்தேன். வளவுக்குள் சத்தம் கேட்டு ஒரு வீட்டுக்காரர் சுட்டுவிட்டார். கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தது அவருடைய மச்சான். பறவைக்குப் போடும் சிறு சன்னம். நான் போனபோது உடல் சீலையால் மூடியிருந்தது. சிறு சன்னத்துக்கு ஆள் சாவதா என்று அங்கிருந்த டொக்டரைக் கேட்டேன். “பரவத் தூரம் வேணும் தம்பி,” என்றார். “கிட்ட நிண்டு சுட்டால் அது சன்னமில்லை, ஒரு கட்டி. எந்த நம்பர்ச் சன்னமும் ஒண்டுதான்.” நான் எழுதிக்கொண்டு வந்தேன். பத்திரிகையில் நான்கு வரி வந்தது. சுட்டவர் எல்லா நேரமும் சீலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு இருந்தார் என்பதற்கு இடம் இருக்கவில்லை.

இதை நான் அந்தோனி அண்ணையிடம் சொன்னேன். நடையின் நீளத்தைக் காட்டினேன். இந்தத் தூரத்தில் பச்சையும் நீலமும் மஞ்சளும் ஒன்றுதான், சுவரைத் துளைப்பது பயமென்றால் ஆளைத் துளைப்பது பயமில்லையா என்று கேட்டேன்.

“கள்ளனைத் துளைச்சால் துளைக்கட்டுமே,” என்றார்.

“அவன் எங்கட ஆள் எண்டால்? டிவிடி பாத்தவன் எண்டால்? பூசைக்கு உங்கட பக்கத்து வாங்கில இருக்கிற ஆற்றையும் மகன் எண்டால்?”

“அப்ப அவனுக்கு ரெண்டு வெடி.”

இந்த இடத்தில் நான் சாப்பிடாமல் போயிருக்கலாம். றெஜினா அக்கா சாப்பாட்டுக் கோப்பை வைத்துச் சோறு போட்டுவிட்டார். தோட்டாக்களைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம்.

4

சோற்றில் கை வைத்த நேரம் கீழே சத்தம் கேட்டது.

ஜன்னல் சட்டம் சுவரில் மோதும் சத்தம். பிறகு ஏதோ தரையில் குதித்தது. பிறகு, அவர் சொன்னது உண்மைதான், சப்பாத்துக் காலடி.

அந்தோனி அண்ணை எழுந்தார். இரும்புப் பெட்டி மேல்மாடியில் இருந்தது. அவர் மேல்மாடிக்குப் போகவில்லை. இரண்டு எட்டில் நடைக்குப் போய், குளிர்காலக் கோட்டுகள் தொங்கிய கொழுக்கிகளுக்குப் பின்னால் கையை விட்டார். கை வெளியே வந்தபோது துவக்கு வந்தது. குழல்கள் கெல்லர்ப் படியின் கதவைப் பார்த்தன. அவர் கையில் கறி ஒட்டியிருந்தது. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. வேட்டைக்காரர்தான், அதில் சந்தேகமில்லை.

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

“அந்தோனி! பிள்ளை! பிள்ளை!” என்று றெஜினா அக்கா கத்தினார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. தாய்க்குக் காலடி தெரிந்திருக்கும். அல்லது முன்பே தெரிந்திருக்கும்.

கதவு திறந்தது. தோளில் பையோடு, முழங்காலில் மண்ணோடு, டிலானி நின்றாள்.

அவள் கத்தவில்லை. குழலைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். “அப்பா, என்ன செய்யிறீங்கள்?” என்று மெல்லக் கேட்டாள். பிறகு ஜெர்மனில் என்னவோ சொன்னாள்.

நான் துவக்கின் குழலைப் பிடித்துத் தரையை நோக்கி அமத்தினேன். “திறவுங்கோ,” என்றேன். அவர் மடித்துத் திறந்தார். இரண்டு குழலிலும் தோட்டா இருந்தது. வலது குழலில் சிவப்பு.

மேசைமேல் ஐந்து தோட்டாக்களை வைத்து எது நல்லது என்று என்னிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்த மனிதர், ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டிருந்தார். மகளின் கட்டில் இருக்கும் சுவருக்குச் சாய்த்துவைத்திருந்தார். சுவர் மெல்லியது என்று நான் தட்டிக் காட்டியபோது துவக்கு என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்திருக்கிறது.

“பாத்தீங்களோ நிருபர்,” என்றார் அவர். முகத்தில் வியர்வை, ஆனால் சிரித்தார். “எவ்வளவு கெதியாய் எடுத்தன் பாத்தீங்களோ.”

என் வாழ்க்கையில் ஒருவரை அடிக்கக் கை ஓங்கியது அன்றுதான். றெஜினா அக்கா குறுக்கே வந்துவிட்டார்.

விசாரணை டிலானியின் மேல் திரும்பியது. நமது வீடுகளில் அப்படித்தான் நடக்கும். ஏன் ஜன்னலால் வந்தாய்? எத்தனை நாளாக? பள்ளிக்கூடம் விட்டு எங்கே போனாய்? காரைக் காணவில்லை, வீட்டில் ஆளில்லை என்று நினைத்தாளாம். கார் திருத்த வேலைக்குப் போயிருந்தது. வீட்டில் ஆளில்லாதபோது அவள் எப்போதும் அந்த ஜன்னலால்தான் வருவாள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் கெல்லருக்குப் போய்க் கொக்கியைத் தளர்த்தி வைத்துவிடுவாள். தகப்பன் மேல்மாடியில் படுத்திருந்து கேட்ட மூன்று சத்தமும், தாய் காரைக் கொண்டுபோன நாட்களில் அவள் வந்ததுதான்.

“மணி அடிச்சால் என்ன?” என்றார் தகப்பன்.

“ஆள் இல்லாத வீட்டில மணி அடிச்சு என்ன செய்யிறது? எனக்கு மட்டும்தான் வகுப்பில சாவி இல்லை அப்பா. பத்து வயசுப் பிள்ளையளே கழுத்தில சாவி போட்டு வருகுதுகள். எனக்குப் பதினேழு.”

“பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குச் சாவி?”

இந்தக் கேள்வியை நான் ஜெர்மனியில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். சாவி கொடுத்தால் பிள்ளை நினைத்த நேரம் போய் நினைத்த நேரம் வரும். சாவி இல்லாவிட்டால் யாராவது கதவைத் திறக்க வேண்டும். திறப்பவர் நேரத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், வாசத்தைப் பார்ப்பார். இதற்காக நம்மவர்கள் வேலையை மாற்றுகிறார்கள், பிள்ளைகளை மழையில் படியில் உட்கார வைக்கிறார்கள். மகனுக்கு ஒன்பது வயதில் சாவி கொடுத்த ஒரு வீட்டில், அவனுடைய அக்கா மணி அடித்துவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதை ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தோனி அண்ணை வீட்டில் இந்த ஒழுக்கம் ஒரு குழலின் முன்னால் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

“அண்ணை,” என்றேன், “துவக்கைப் பெட்டிக்குள்ள வையுங்கோ. பிள்ளைக்கு ஒரு சாவியைக் குடுங்கோ. ரெண்டும் இண்டைக்கே.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்து வியர்வையைத் துடைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு நீலத் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

“அப்ப முயல் வெடிதான் நல்லம் என்ன?” என்றார். “தவறிப் பிள்ளையில பட்டாலும் அவ்வளவு சேதம் வராது.”

5

காட்டிக்கொடுப்பவன் என்ற சொல் நம்மிடையே என்ன பாரம் கொண்டது என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, இராணுவ ஜீப்பில் உட்கார வைத்துக் கொண்டுவரப்பட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தலை ஆடினால் ஒரு வீட்டில் ஒருவர் இல்லை. அப்படித் தலையாட்டியவர்களின் பெயரைப் பிற்பாடு யாரும் பிள்ளைகளுக்கு வைக்கவில்லை. தமிழன் வீட்டில் ஆயுதம் இருக்கிறது என்று அரசாங்கத்திடம் போய்ச் சொல்வதைவிட அசிங்கமான வேலை எங்கள் தலைமுறைக்குத் தெரியாது.

ஆகவே முதலில் தொலைபேசியில் கேட்டேன். “பெட்டிக்குள்ள வைச்சிட்டன் நிருபர், நீங்கள் யோசிக்காதேங்கோ,” என்றார். கெல்லர் ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டதாகவும் சொன்னார். சாவியைப் பற்றிக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து எஸ்-பானில் டிலானியைக் கண்டேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

“துவக்கு எங்கை?” என்று கேட்டேன்.

“கோட்டுக்குப் பின்னால,” என்றாள். “இப்ப நீலம்.”

“நீ எதால வீட்டுக்குப் போறனி?”

“தோட்டக் கதவு. காலமை பூட்டாமல் விட்டிட்டுப் போவன். நான் உள்ளுக்கு வரேக்க பாட்டுப் பாடிக்கொண்டு வாறன் மாமா. நான்தான் எண்டு அப்பாவுக்குத் தெரியட்டும் எண்டு.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் உங்களுக்கு நித்திரை வராது. நீங்கள் போய்ச் சொன்னால் எங்களுக்கு ஒரு வீட்டிலயும் தேத்தண்ணி கிடையாது. ரெண்டையும் யோசிச்சுப் போங்கோ,” என்றாள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனேன். “டெர்மின் இருக்கிறதா?” என்று வாசலில் கேட்டார்கள். முன்கூட்டியே நேரம் எடுக்கவில்லை என்றேன். அப்படியானால் தொலைபேசியில் ஒரு நேரம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் தோட்டா நிறைத்த துவக்கு கோட்டுகளுக்குப் பின்னால் நிற்கிறது என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். இளம் அலுவலர் ஒருவர் கேட்டு எழுதினார். பெயரில்லாமலும் சொல்லலாம் என்றார். சாக்குக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நான் இதைச் செய்வதாக இல்லை. பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாக உச்சரித்தும் காட்டினேன்.

எழுதி முடித்துவிட்டு அவர், நல்ல மனத்தோடுதான், கேட்டார்: “உங்கள் நாட்டில் போர் என்பதால் ஆட்களுக்கு ஆயுதம் பழகிப்போயிருக்கும், இல்லையா?”

எனக்குக் காது சுட்டது. போர் நடந்த நாட்டில் அந்த மனிதர் எந்தத் துவக்கையும் பிள்ளைக்கு நேரே நீட்டவில்லை. இந்தத் துவக்குக்காக அவர் படித்தது உங்கள் வகுப்பில். உரிமம் கொடுத்தது இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. பூட்டுச் சரியாக இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. இவ்வளவையும் என்னுடைய ஜெர்மனில் சொன்னேன். வினைச்சொற்கள் இடம் மாறிப் போயிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்தபோதுதான், பிள்ளைக்குச் சாவி கொடுக்காத வழக்கம் எங்கே பழகியது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன்.

6

மறுநாள் காலை கந்தோரிலிருந்து இரண்டு பேர் அந்தோனி அண்ணை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். துவக்கு, கோட்டுகளுக்குப் பின்னாலேயே கிடைத்தது. உரிமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்குப் பதிந்தார்கள். அந்தோனி அண்ணை அவர்களோடு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். போகும்போது கதவைத் திறந்துவிட்டு, கவனமாகப் போங்கோ, படி வழுக்கும் என்று சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது டிலானி.

கெஸ்லர் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் வேட்டைக்காரர்களின் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுவரைத் துளைக்காத தோட்டாவைப் பற்றிப் பகிடி விட்டதை அவர் மறந்துவிட்டார்.

நம்மவர்கள் வேகமாக இருந்தார்கள். தமிழ்க் கடையில் நான் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருவர், “மெதுவாய்க் கதையுங்கோ, நிருபர் நிக்கிறார், நாளைக்குப் பேப்பரில வந்திடும்,” என்றார். மற்றவர், “பேப்பரில இல்லை, பொலிசில,” என்றார். சிரித்தார்கள். இருவரையும் எனக்குத் தெரியும். இருவர் வீட்டிலும் பெண் பிள்ளைகள் உண்டு. திரும்பி, “உங்கட மகள்மாரிட்டைச் சாவி இருக்கோ?” என்று கேட்டேன். விசர் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தத் துவக்கு அவர்களுக்குப் பெரிய விடயமாகவே இல்லை. யார் சொன்னது என்பதுதான் விடயம். பிள்ளை ஒன்று தன் வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு நுழைய வேண்டியிருந்ததைப் பற்றி, இந்த ஒரு வருடத்தில், என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

றெஜினா அக்காவை உயிர்த்த ஞாயிறன்று கோயில் வாசலில் கண்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “நீங்கள் செய்தது சரி தம்பி. ஆனால் வீட்டுப் பக்கம் வராதேங்கோ,” என்றார். அதற்குள் அந்தோனி அண்ணை காரிலிருந்து ஹோர்ன் அடித்தார்.

இந்தக் கோடையில் அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்து முன்கதவையும் தோட்டக் கதவையும் மாற்றிப்போட்டார். மூன்று இடத்தில் பூட்டும் புதுப் பூட்டு. கெல்லர் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. செப்டம்பரில் டிலானிக்குப் பதினெட்டு முடிந்தது. கேக் வெட்டினார்கள், வீடியோவும் எடுத்தார்கள்.

அவளிடம் வீட்டுச் சாவி இல்லை.